உன் அம்மாவின் சாவியைப் புதுப்பித்த விஷயம்

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டிய இடம் இது, கேட்டுவிட்டேன், ஆனால் இந்த ஒரு தடவை அதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும் என்று இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஈமெயில் எழுதுகிற மனுஷன் திடீரென்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாரே, யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. யாரும் சாகவில்லை. பெரிய மாமாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே எல்லோரையும் அதிகாரம் பண்ணுகிறாராம். மேல் வீட்டு டிரம்பெட் வாத்தியாருக்குப் புதிதாக இரண்டு மாணவர்கள் சேர்ந்திருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் மூச்சு நன்றாக இருக்கிறது, இசைதான் இன்னும் வரவில்லை. லிஃப்ட் சரியாகிவிட்டது. காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, அது வரிசைப்படி வரும். வரிசை தப்பினால் எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும், பொறுமையாகப் படி.

உனக்குத் தெரிந்ததில் இருந்தே தொடங்குகிறேன். என் பழைய ஈமெயிலுக்குள் எவனோ புகுந்து, தலைமுடி கருகருவென்று வளர மருந்து விற்கிறேன் என்று என் பெயரிலேயே நூற்றுப்பத்துப் பேருக்குக் கடிதம் போட்டானே, என் வழுக்கையை இருபது வருஷமாகப் பார்த்த ஆபீஸ்காரர்கள் ஒவ்வொருவராக போன் போட்டு "சார், எத்தனை பாட்டில் மிச்சம் இருக்கு?" என்று கேட்டார்களே, அந்த அவமானத்துக்குப் பிறகுதான் இனி வீட்டுக் கடிதம் எல்லாம் பூட்டித்தான் போக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நீயும் மாப்பிள்ளையும் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிற நம் கம்ப்யூட்டர் முன்னால் நீயும் நானும் காலையில் உட்கார்ந்து சாயங்காலம் எழுந்தோம். ஆளுக்கு ஒரு ஜோடி சாவி. ஊருக்கெல்லாம் கொடுக்கிற பொதுச் சாவியால் பூட்டத்தான் முடியும், திறக்க முடியாது. திறக்கிற தனிச் சாவி அவரவரோடு இருக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு பாஸ்வேர்ட். எல்லாச் சாவிக்கும் ஆயுள் இரண்டு வருஷம், அதற்குள் நீட்டிக்காவிட்டால் காலாவதி. அன்றைக்கு உன் அம்மா அடுப்படியை விட்டு வரவே இல்லை, "எனக்கும் சேர்த்து நீங்களே ஏதாவது போட்டு வைங்க" என்றாள். நான் போட்டேன். அந்தப் பாஸ்வேர்டை என் நீல நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைத்தேன். "அம்மா, நாளைக்கே இதை மாத்திடு, உன்னைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது" என்று நீ கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவள் சரி என்றாள், மாற்றவில்லை. மாற்றவில்லை என்பது எனக்குத் தெரியும். மாற்றச் சொல்லி ஒரு வார்த்தை நான் சொல்லவும் இல்லை. வீட்டில் சாவி நிர்வாகம் என் பொறுப்பு என்பதில் எனக்கு ஒரு கௌரவம் இருந்தது என்று வைத்துக்கொள்.

இரண்டு வருஷத்தில் ஒருநாளாவது அவளுடைய கடிதத்தை நான் திறந்ததில்லை. இதை நீ நம்பலாம். உன்னிடமிருந்து எனக்கு வருவது நாலு வரி, அவளுக்கு வருவது நீளமாக இருக்கும் என்பது வெளியில் இருந்து பார்த்தாலே தெரியும், பூட்டின கடிதத்துக்கும் எடை உண்டு. இருந்தாலும் திறந்ததில்லை. போன மாதம் பத்தாம் தேதி அவள் சாவியின் ஆயுள் முடிந்தது. உன்னுடையதை நீ முன்கூட்டியே நீட்டி அனுப்பிவிட்டாய், என்னுடையதை நான் நீட்டிவிட்டேன், அவளுடையது அப்படியே கிடந்தது. மறுநாள் காலையில் அவள் தன் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டே, "ஏங்க, பொண்ணுக்கு லெட்டர் பூட்ட வரலையாம், சாவி செத்துப்போச்சுன்னு காட்டுதாம், கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நீல நோட்டை எடுத்தேன், பாஸ்வேர்டைப் போட்டேன், இன்னும் இரண்டு வருஷம் நீட்டி உனக்கு அனுப்பினேன். அத்தோடு எழுந்திருக்க வேண்டும். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் கடை கடையாகப் போய்த் தராசுக்கு முத்திரை குத்தினவனுக்கு ஒரு கை வழக்கம் உண்டு, முத்திரை குத்தின பிறகும் ஒரு தடவை என் எடைக்கல்லை வைத்துப் பார்க்காமல் கடையை விட்டு இறங்கினதில்லை. அதனால் சாவி வேலை செய்கிறதா என்று சோதிக்க மேலே இருந்த கடிதத்தைத் திறந்தேன். காலாவதியான சாவிகூடப் பழைய கடிதத்தைத் திறக்குமே, அப்புறம் எதற்கு அப்பா சோதனை என்று நீ கேட்பாய். திறக்கும் என்று எனக்கும் தெரியும். அன்றைக்கும் தெரியும். சோதனை என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாக்கு.

முதல் வரியில் அப்பாவிடம் இப்போது சொல்லாதே என்று இருந்தது. மூடியிருக்க வேண்டும். மூடாமல் அதைப் படித்து முடித்து, அதற்கு முந்தினது, அதற்கும் முந்தினது என்று பதினொரு கடிதத்தையும் படித்தேன். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் பிரிந்து எட்டு மாதம் ஆகிறது என்பதும், டிரை கிளீனிங் கடைக்கு மேலே ஓர் அறையில் நீ தனியாக இருக்கிறாய் என்பதும், மாடிப்படி முழுக்க எந்நேரமும் இஸ்திரி ஆவி வாசனை என்பதும், ஒரே ஒரு நாற்காலி இருந்தும் நீ ஜன்னல் ஓரத்தில் நின்றுகொண்டே சாப்பிடுகிறாய் என்பதும் அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை, அவர் நல்லவர்தான், ஆனால் ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். அதையெல்லாம் படித்தபோது எனக்குக் கவலைதான் வந்தது. வேறொரு இடத்தில்தான் வலித்தது. "அப்பா கோபப்பட மாட்டார்மா, அது எனக்குத் தெரியும். காரணம் கேட்பார். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டுக் கேட்பார். எனக்கே காரணம் தெரியலை, அவருக்கு நான் எங்கே போய்க் கொண்டுவரது" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். நீ எழுதினது சரிதான். படித்துக்கொண்டிருந்தபோதே கையில் பென்சில் இருந்தது, நோட்டில் ஒன்று என்று போட்டு வட்டம்கூடப் போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல உனக்கு எழுதினேன். கடைசியில் மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல் என்று எழுதுகிற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. எழுதாவிட்டால் உனக்குச் சந்தேகம் வரும், அதனால் எழுதினேன். நீயும் இரண்டு நாளில், அவர் சௌக்கியம்ப்பா, உங்களை ரொம்பக் கேட்டார் என்று பதில் போட்டாய். இந்த எட்டு மாதத்தில் அவருக்கு நான் செய்த வைத்தியத்தை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். அவருக்கு இருமல் என்றாய், ஆவி பிடிக்கச் சொல்லி எத்தனை நிமிஷம், எத்தனை வேளை என்றெல்லாம் எழுதினேன், அப்பா சொன்னபடி செய்து சரியாகிவிட்டது என்று எழுதினாய். சைக்கிள் வாங்கியிருக்கிறார் என்றாய், சக்கரம் எத்தனை அங்குலம் என்று கேட்டேன், இருபத்தெட்டு என்று அளந்து பார்த்த மாதிரி எழுதினாய். உயரமான ஆள், சீட்டை நன்றாகத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல் என்று அரைப் பக்கம் எழுதினேன், அதற்கும் சரிப்பா, தூக்கி வைத்துவிட்டார் என்று பதில். பொய்யாக இருந்தாலும் அளவு தவறாமல் சொல்லியிருக்கிறாய், என் மகள்தான் நீ. ஆனால் இப்போது தெரிந்துகொண்டே நானும் சேர்ந்து சொன்னேன் பார், அது எனக்குச் சகிக்கவில்லை. அடுத்த ஞாயிறு மானிட்டரில் கோளாறு என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுதாமல் இருந்தேன். அதற்கும் அடுத்த ஞாயிறு நானே மானிட்டரின் வயரைக் கழற்றி வைத்தேன், அவள் அதை மாட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

வீட்டில் வைத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் மறுநாள் மத்தியானம் அவள் கடைக்கே போய்விட்டேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கடைக்குள் நான் மூன்று தடவைதான் போயிருப்பேன், மூன்று தடவையும் கண் பரிசோதனைக்கு. என்னைப் பார்த்ததும் யார் போயிட்டாங்க என்றுதான் கேட்டாள். ஒரு பஸ் டிரைவரின் கண்ணாடியில் மூக்குப் பட்டையைச் சின்னக் குறடால் வளைத்துக்கொண்டிருந்தாள், அந்த ஆளும் பக்கத்திலேயே கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் போகலை, உனக்கு வந்த லெட்டரை நான் படிச்சிட்டேன் என்றேன். அவள் கை நிற்கவில்லை. கண்ணாடியை டிரைவருக்கு மாட்டி, தலையை ஆட்டச் சொல்லிப் பார்த்து, காதுப் பக்கம் இன்னும் கொஞ்சம் வளைத்து, துணியால் துடைத்துக் கூட்டில் போட்டுக் கொடுத்து அனுப்பினாள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பி "எத்தனை?" என்றாள். பதினொன்று என்றேன். "பன்னிரண்டு இருக்கு" என்றாள். போன வாரம் வந்ததை நான் தொடவில்லை என்று சொன்னேன். கையில் இருந்த குறடை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னாள், "நீங்க படிச்சது அயோக்கியத்தனம். அதுல ரெண்டு பேச்சே இல்லை. ஆனா படிச்சிட்டு மூணு வாரம் அவகிட்ட ஒரு கேள்விகூடக் கேட்காம இருந்திருக்கீங்க பாருங்க, அது நீங்கதானான்னு இருக்கு." பிறகு ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பாதியை மூடியில் போட்டு என் பக்கம் தள்ளினாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் பன்னிரண்டாவது லெட்டர்ல உங்களைப் பத்தி ஒரு வரி இருக்கு என்றாள். என்ன வரி என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள். நல்லதா கெட்டதா என்று கேட்டேன். டப்பாவை மூடிவிட்டாள்.

இன்னும் இரண்டு நாளில் தன் கடையில் பழைய லேப்டாப் ஒன்று கொடுக்கிறார்கள், அது வரட்டும், அதில் புதுச் சாவி செய்துகொள்கிறேன், அதுவரைக்கும் இருப்பது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு மறுநாளும் வேலைக்குப் போய்விட்டாள். யோசித்துப் பார். பழைய சாவி என் கம்ப்யூட்டரில், பாஸ்வேர்ட் என் நோட்டில், என்னைப் பற்றின ஒரு வரி அந்தப் பெட்டிக்குள், வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. பத்து மணிக்கு உட்கார்ந்தேன். மேலே டிரம்பெட் பையன்கள் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு கொல்லாமல் கொன்றார்கள். கடிதத்தின் தேதியைப் பார்த்தேன், அளவைப் பார்த்தேன், மற்றதை எல்லாம் விடப் பெரியது. பன்னிரண்டு அடித்ததும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கீழே போய், காரணமே இல்லாமல் பஸ் டிப்போ வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். அதற்கு அடுத்த நாளும் இதே கதைதான். திறக்கவில்லை. திறக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி ஒன்றும் என்னிடம் இல்லை, இதற்கு முத்திரை குத்த முடியாது. இவள் வேண்டுமென்றேதான் அந்த இரண்டு நாளையும் விட்டாளோ என்று இப்போது தோன்றுகிறது. முப்பத்திரண்டு வருஷம் நான் மற்றவர்கள் தராசில் எடைக்கல் வைத்தேன், இவள் என் மேல் ஒன்றை வைத்துப் பார்த்திருக்கிறாள். கேட்டால் சிரிக்கிறாள்.

லேப்டாப் வந்தது. படுக்கை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவளே புதுச் சாவி செய்தாள். ஒற்றை விரலால் தட்டுகிறவள், நான் கூடத்தில் இருந்து ஆயுள் இரண்டு வருஷம் போடு, பின்னால் சாவியை ரத்து செய்ய உதவுகிற ரத்துச் சான்றைத் தனியாக எடுத்து வை என்று சத்தம் போட்டேன், "வாயை மூடிட்டுப் பேப்பர் படிங்க" என்று பதில் வந்தது. பாஸ்வேர்ட் அடிக்கும்போது டக் டக் என்று கதவு வழியாகக் கேட்கிறது, என் புத்தி பாழாய்ப்போக, எண்ண ஆரம்பித்துவிட்டேன், பதினாலு வரைக்கும் எண்ணிவிட்டு எழுந்து போய் டிவியைச் சத்தமாக வைத்தேன். அதனால் பதினாலுக்கு மேல் இருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும், அதை மறக்க முயற்சி செய்கிறேன். பிறகு அவளுடைய பழைய தனிச் சாவியைப் பென் டிரைவில் எடுத்து அவளிடம் கொடுத்தேன், உன் பழைய கடிதங்களைப் படிக்க அது வேண்டும் அல்லவா, அதற்கும் அவளே வேறு பாஸ்வேர்ட் போட்டுக்கொண்டாள். என் கம்ப்யூட்டரில் இருந்ததை அவள் பக்கத்தில் நின்று பார்க்க அழித்தேன். கண்ணாடிக் கூட்டுக்குள் நான் ஒளித்து வைத்திருந்த இன்னொரு நகலையும் கொடுத்தேன், அப்படி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது, கொடுக்காமலே இருந்திருக்கலாம். நீல நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து அவள் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊறப்போட்டாள். மை கரையும் வரைக்கும் இரண்டு பேரும் நின்றோம்.

இப்போது நீ செய்ய வேண்டியது. அம்மாவின் பழைய சாவி ரத்து, ரத்துச் சான்று உனக்கு ஈமெயிலில் வரும், இனி அந்தச் சாவியால் எதையும் பூட்டாதே. புதுப் பொதுச் சாவியும் அவளிடமிருந்தே வரும். வந்த உடனே நம்பிவிடாதே, சாவிக்கு விரல்ரேகை என்று நாற்பது எழுத்து இருக்கிறதே, அதை அவளே தன் கையால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மடித்து ஒட்டி இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறாள். அதை யார் பார்த்தாலும் ஒன்றும் ஆகாது, அது ரகசியமே இல்லை, இருந்தாலும் நான் பார்க்கவில்லை. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அவள் உனக்கு போன் போட்டு அதை நாலு நாலு எழுத்தாக வாசிப்பாள், துண்டுக் காகிதத்தோடும் கம்ப்யூட்டரில் வந்ததோடும் ஒத்துப் பார். மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் ஏற்றுக்கொள். அந்த நேரம் நான் வீட்டில் இருக்க மாட்டேன், டிப்போப் பக்கம் நடக்கப் போயிருப்பேன். நான் படித்த கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து இதை உனக்கு எழுத மனசு வராமல்தான் காகிதம் எடுத்தேன், காரணம் கடைசியில் வந்துவிட்டது. இனி நீ அவளுக்கு எழுதுவது அவளைத் தவிர யாருக்கும் திறக்காது. என்னைத் திட்டி எழுத வேண்டும் என்றாலும் தாராளமாக எழுதலாம், எனக்குத் தெரியப் போவதில்லை.

நான் செய்தது தப்பு. மன்னித்துவிடு என்று கேட்கிறேன், அதற்கும் உடனே பதில் வேண்டாம். காரணம் எதையும் நான் கேட்கப் போவதில்லை, ஒன்று என்று போட்டு வட்டம் போட்டதையும் அழித்துவிட்டேன். என் சாவி மாறவில்லை, அதே சாவிதான், அதே விரல்ரேகைதான், இன்னும் இரண்டு வருஷம் செல்லும். தினமும் காலையில் ஒரு தடவை பார்க்கிறேன். நாலு வரி போதும். சின்ன வயசில் உன் வாயை அடைக்க முடியாமல்தான் உனக்கு அந்தப் பெயர் வைத்தேன், அதை நினைத்துக்கொண்டு நாலு வரியைப் படித்துக்கொள்வேன். வீட்டுக்கு வரத் தோன்றினால் வா. உன் அறை இருக்கிறது, துணி காயப்போட்டிருக்கிறோம், எடுத்துவிடுவோம். உடம்பைப் பார்த்துக்கொள், நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடு, எங்கே இருந்தாலும் நன்றாக இரு, எங்கள் இரண்டு பேரின் ஆசிகளும் உனக்கு எப்போதும் உண்டு.

வழக்கமாக மாப்பிள்ளையை விசாரிக்கிற இடம் இது. இனிமேல் விசாரிக்க மாட்டேன். திருடிப் படித்ததில் இருந்து ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தச் சைக்கிள் உன்னுடையது என்று அம்மாவுக்கு எழுதியிருந்தாய், தினமும் வேலைக்கு அதில்தான் போகிறாயாம். இருபத்தெட்டு அங்குலம் உன் உயரத்துக்குப் பெரிது. நான் முன்னால் எழுதினதைக் கேட்டு நிஜமாகவே சீட்டைத் தூக்கி வைத்திருந்தால் இன்றைக்கே இறக்கிவிடு. உட்கார்ந்தபடியே கால் தரையில் பட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா